சாயம் போகாத தாள்

படம் அச்சடித்துக் கொடுக்கும் எங்கள் கடை வாசலில் ஒரு பலகை உண்டு. "நூறு ஆண்டுகள் நிறம் மாறாது" என்று சிவப்பிலும் தங்க நிறத்திலும் எழுதியிருக்கும். நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க அந்தப் பலகையை வருஷா வருஷம் புதிதாக அச்சடித்து மாற்றிக்கொண்டிருந்தேன். கடை மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் நேராக அதன் மேல்தான் விழும். முதலில் சிவப்பு வெளிறும், அப்புறம் தங்கம் சாணி நிறத்துக்கு வரும், பொங்கல் வருவதற்குள் 'நூறு' காணாமல் போய் 'ஆண்டுகள் நிறம் மாறாது' மட்டும் நிற்கும். அதையும் படித்துவிட்டு ஜனங்கள் உள்ளே வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

போன வாரம் அதே கடையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு சேர்ந்தவள். இன்ஸ்டாகிராமில் போட ஒரு வீடியோ எடுக்கிறார்களாம். பழைய ஆள் ஒருவர் வந்து, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, 'இது நூறு வருஷம் நிற்கும்' என்று சிரித்தபடி சொல்ல வேண்டுமாம். எனக்கு முழங்கால் மாற்றிய டாக்டரே அந்தக் காலுக்கு அவ்வளவு நாள் சொல்லவில்லை, நான் போய்த் தாளுக்குச் சொல்வதா என்று கேட்டேன். "சூப்பர் அக்கா, அதையும் கேமராவுல சொல்லுங்க" என்றாள். கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன், வீடியோவை அவள் வேறு யாரையாவது வைத்து எடுத்துக்கொள்ளட்டும்.

என் பெயர் வசந்தா. கே.கே. நகரிலிருந்து பஸ் பிடித்து தி. நகரில் ஒரு கலர் லேபுக்கு வேலைக்குப் போனேன். இருட்டறை, மருந்துத் தொட்டி, அந்த வாடை சேலையில் ஏறி வீட்டுக்கு வரும். தொழில் கற்றதெல்லாம் அங்கேதான். டிஜிட்டல் வந்தது, லேப் மூடியது, அந்த இடத்தில் இப்போது ஒரு நகைக்கடை இருக்கிறது. நான் மயிலாப்பூரில் மூர்த்தி சார் கடையில் சேர்ந்தேன். ஓவியம், புகைப்படம் எல்லாவற்றையும் உயர்ந்த தாளில் இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சடித்துக் கொடுக்கும் கடை. பிரிண்டர் ஒரு கட்டில் அகலம். அதன் தலைமாட்டில் நான்.

மூர்த்தி சார் தாளைக் காட்டும் அழகைச் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்ணைக் காட்டுவது போலத்தான். வாடிக்கையாளரை உட்காரவைத்து, கதவைச் சாத்தி, ஏசியைக் கூட்டி, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொள்வார். பெட்டியைத் திறந்து மெல்லிய காகிதத்தை நீக்கி, தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்து வெளிச்சத்தில் சாய்ப்பார். "தொடாதீங்க, பாருங்க" என்பார். அடுத்து, "மோந்து பாருங்க." வந்தவர்கள் கண்ணை மூடி மோந்து பார்த்து, ஆஹா என்பார்கள். எனக்குத் தெரிந்து அதில் அட்டைப்பெட்டி வாடைதான் வரும். அந்தக் கையுறை போட்ட கையாலேயே அவர் பஜ்ஜி சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நல்ல மனிதர். சம்பளத்தை ஒரு மாதமும் தள்ளிப்போட்டதில்லை.

எனக்கு அவர் போட்ட விதி ஒன்றே ஒன்று. "கேட்டா மட்டும் சொல்லு வசந்தா. கேக்கற மாதிரி பேசாதே."

கேட்டால் சொல்ல என்ன இருந்தது என்றால், இதுதான். மையில் இரண்டு வகை. ஒன்று தண்ணீரில் கரைந்த சாயம், பார்க்கப் பளபளவென்று இருக்கும், வெயிலைக் கண்டால் ஓடிவிடும். இன்னொன்று பொடியாக அரைத்த நிறமி, சற்று அடக்கமாக இருக்கும், நிலைத்து நிற்கும். தாளில் எங்களிடம் முக்கியமாக மூன்று. பிளாஸ்டிக் பூச்சு போட்ட மினுமினுப்புத் தாள். பருத்தியில் செய்த பளீர் வெள்ளைத் தாள். அதே பருத்தியில் செய்த, சாதம் வடித்த கஞ்சி நிறத்தில் இருக்கும் மங்கல் தாள். பளீர் வெள்ளைக்கு அந்த வெள்ளை சும்மா வருவதில்லை. வேட்டிக்கு நீலம் போடுவது போல அதில் ஒரு ரசாயனம் சேர்த்திருக்கிறார்கள். வெயில் அதைத் தின்றுவிட்டால் தாள் பழுப்பாகிவிடும். கஞ்சி நிறத் தாளில் அது கிடையாது, அதனால் இழக்கவும் ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளை என்றால் சுத்தம் என்று ஜனங்கள் நினைத்ததால் எங்கள் கடையில் வெள்ளைதான் ராஜா.

அடையாறில் ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி இருந்தார், பறவைப் படம் எடுப்பவர். இளஞ்சிவப்புப் பூநாரைக் கூட்டத்தின் படம் ஒன்றை எடுத்துவந்து, நிறம் தூக்கலாக வேண்டும், சாய மைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து அச்சடித்துப் போனார். கடல் காற்று வீசும் பால்கனிச் சுவரில் மாட்டினார். அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது பூநாரை எல்லாம் கொக்காகியிருந்தது. சார் துளியும் அசராமல், இயற்கையான நிறம் இப்போதுதான் வந்திருக்கிறது என்றார். அந்த மனிதர் யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டி, இன்னொரு படம் கொடுத்துவிட்டுப் போனார். படித்தவர்களை ஏமாற்றுவது கஷ்டம் என்று யார் சொன்னது?

இந்த மாதிரி இரண்டு மூன்று நடந்த பிறகு சார் ஒரு அறிவுரைத் தாள் தயாரித்தார். வெயில் படக் கூடாது, ஈரம் கூடாது, ஊதுபத்திப் புகை கூடாது, சந்தனம் குங்குமம் வைக்கக் கூடாது, விரல் படக் கூடாது, சமையலறைப் பக்கம் கூடவே கூடாது. மாட வீதிக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு மாமி அதை முழுக்கப் படித்தார். "இத்தனையும் பாத்துண்டு இருக்கணும்னா பீரோலதான் வெச்சுக்கணும். அப்பறம் என்னத்துக்குப் படம்?" என்றார். மாமி பேரன் படத்தை பீரோவில்தான் வைத்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நான் மறக்காத வேலை பொன்னையா அண்ணாச்சியுடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் சேலைக்கடை வைத்து வளர்ந்தவர். ஒரு நாள் மகன் செல்வத்தோடு வந்து, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய மனைவி பாக்கியம். இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. கடை தொடங்கிய காலத்தில் கல்லாப் பக்கத்தில் நின்று எடுத்த படம். பழைய கலர் படங்களின் தலைவிதிப்படி எல்லாம் செக்கச்செவேல் என்று ஆகியிருந்தது. முகம் சிவப்பு, சுவர் சிவப்பு, சேலையும் சிவப்பு.

"சேலை செவப்பு இல்ல தாயி" என்றார் என்னிடம். "அது ஒரு மஞ்சள். என்ன மஞ்சள்னு எனக்குத்தான் தெரியும். இவனுக்குத் தெரியாது, இவன் அப்பம் கைப்புள்ள. எனக்குக் கண்ணு நரம்பு போயிக்கிட்டு இருக்காம். பார்வை இருக்கும்போதே எல்லாத்தையும் நல்லா பாத்துக்கிடுங்கன்னு டாக்டர் சொல்லுதாரு. அவ சேலை நெறம் சரியா வந்துட்டுன்னு நான் கண்ணால பாத்துரணும். அவ்வளவுதான்."

விஷயம் இதுதான். ஒரு நிறம், அதை அறிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர், அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. சார் வழக்கம் போல் கதவைச் சாத்தி, கையுறை மாட்டி, பளீர் வெள்ளைத் தாளை எடுத்தார். தொடாதீங்க என்றார். அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "தொடாம எப்படிய்யா சரக்கு வாங்குதது? இருக்கிற தாள் எல்லாத்தையும் என் கடைக்குக் கொடுத்து விடும்."

மறுநாள் நான்தான் கொண்டுபோனேன். மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் தாள் சுருட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னால் போகிறவர்கள் தள்ளிய பக்கமெல்லாம் போய், எப்படியோ அவர் கடைக்குள் விழுந்தேன். அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். தாளைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, முந்தானை பார்ப்பது போல் தேய்த்தார். "இது சுத்தப் பருத்தில்லா. நம்ம சரக்கு" என்று முகம் மலர்ந்தார். அப்புறம் வெள்ளையையும் கஞ்சி நிறத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கல்லாவில் கள்ள நோட்டு பார்க்க வைத்திருந்த ஊதா விளக்கைப் போட்டு அதன் கீழே இரண்டையும் நீட்டினார். கஞ்சித் தாள் சும்மா இருட்டாகக் கிடந்தது. பளீர் வெள்ளை டியூப்லைட் மாதிரி எரிந்தது.

"கள்ள நோட்டு தாயி இது. நீலம் போட்டிருக்கோ?"

கேட்டால் சொல்லலாம் என்பதுதானே சாரின் விதி. கேட்டார், சொன்னேன். அண்ணாச்சி கடகடவென்று சிரித்தார். நீலம் போட்ட வேட்டியை டியூப்லைட்டுக்குக் கீழே பளீரென்று காட்டி விற்றுத்தான் கடையை வளர்த்ததாகச் சொன்னார். சொல்வதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. சார் இதைக் கேட்டிருந்தால் அவரைக் கூட்டாளியாகவே சேர்த்துக்கொண்டிருப்பார்.

அதோடு விட்டாரா? ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மையிலும் மஞ்சளும் அரக்குச் சிவப்பும் அச்சடித்த துண்டு கேட்டார். கொடுத்தனுப்பினேன். அவர் கடையில் படம் மாட்டப்போகும் இடத்தை அளக்கப் போன, எங்களுக்குப் படச் சட்டம் போடும் ஆறுமுகம் அங்கிருந்து போன் பண்ணினார்.

"இன்னாக்கா, அண்ணாச்சி உன் பேப்பரை சோப்பு போட்டுத் தொவைச்சிக்கினு கீறாரு."

நிஜமாகவே துவைத்திருக்கிறார். புதுச் சேலை வந்தால் ஓரத்தை சோப்புத் தண்ணீரில் நனைத்து, கைக்குட்டையால் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது அந்தக் கடை வழக்கம். சாய மை போட்ட துண்டு வாளியை மஞ்சளாக்கிவிட்டதாம். நிறமி மை போட்டவை தாளின் தோல் கொஞ்சம் கசங்கினாலும் நிறத்தை விடவில்லை. அடுத்து வெயில் பரீட்சை. மொட்டை மாடிக் கொடியில், கஞ்சி போட்ட சேலைகளுக்கு நடுவில், பாதி துண்டை அட்டையால் மூடி கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். கத்திரி வெயில் முழுக்கத் தொங்கியது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நேரில் போய்ச் சண்டை போட்டேன். தாள் நிற்குமா என்று பார்த்து முடிப்பதற்குள் உங்கள் கண் நிற்காது, எந்தத் தாளானால் என்ன, நான் கஞ்சித் தாளில் போட்டுத் தருகிறேன், எழுந்து வாருங்கள் என்றேன். அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரக்கைச் சோதிக்காமல் ஒரு சேலை கூட வாங்கியதில்லை, அவளுக்கு மட்டும் சோதிக்காமல் வாங்கவா என்றார். ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

கத்திரி முடிந்து அவர் துண்டுகளை எங்கள் கடைக்குக் கொண்டுவந்தபோது பளீர் வெள்ளைத் துண்டு பழைய பல் நிறத்தில் இருந்தது. கஞ்சி நிறம் கஞ்சி நிறமாகவே இருந்தது. அண்ணாச்சி இப்போது தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால்தான் எதையும் பார்த்தார். நேரே பார்த்தால் நடுவில் புகை மூட்டம் என்றார்.

நிறம் பிடிக்கிற வேலை அப்புறம்தான் தொடங்கியது. கடையிலிருந்து மஞ்சள் துணியாக ஒரு மூட்டை கொண்டுவந்து மேசையில் கொட்டினார். இது எலுமிச்சை, இது மாம்பழம், இது கடுகு, இது எதுவும் இல்லை என்றார். கடுகுக்கும் மாம்பழத்துக்கும் நடுவில், மாம்பழத்துக்குக் கொஞ்சம் பக்கமாக, துவைத்துத் துவைத்து நைந்த பிறகு வருகிற மஞ்சள் அது. நான் கம்ப்யூட்டரில் மஞ்சளை நகர்த்தி, சின்னத் துண்டாக அச்சடித்துக் கொடுப்பேன். அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகத் தெருவுக்கு நடப்பார். சேலை வாங்குகிறவர்கள் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள் இல்லையா, அதே மாதிரி. ஆட்டோ ஸ்டாண்டு பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், உள்ளே வருவார். நாங்கள் ஏராளமாகச் செலவு பண்ணிப் போட்டிருந்த வெளிநாட்டு விளக்கை அவர் ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சாருக்கு அதில்தான் ரொம்ப வருத்தம்.

இதற்கு நடுவே மகன் செல்வம் ஒரு நாள் தனியாக வந்தார். தி. நகரிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் திருநெல்வேலி கொஞ்சமும் கிடையாது.

"அக்கா, கடையில நாலு பேரு பாக்கற எடம். அம்மாவைக் கொஞ்சம் கலரா காட்டுங்க. கழுத்துல ஒரு ஆரம் போட்டுடுங்க. மூக்குத்தி வைரமா மாத்திடுங்க. பட்டுச் சேலையா இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

சார் இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு, அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, மினுமினுப்புத் தாளில் போட்டுவிடு என்று என்னிடம் கிசுகிசுத்தார். பிரிண்டரில் மை அடைத்துக்கொண்டது என்றேன். அந்த பிரிண்டர் அவ்வளவு ஒழுங்காக ஓடிய வாரம் வேறு கிடையாது. விஷயம் எப்படியோ அண்ணாச்சி காதுக்குப் போயிருக்கிறது. அடுத்த முறை வந்தபோது, "அவ நல்ல கருப்புல்லா. கடையில லைட்டுப் போட்டாத்தான் மூஞ்சி தெரியும்னு நானே கேலி பண்ணுவேன். அவளை வெளுக்க வைக்காதீக" என்றார்.

ஒரு மத்தியானம் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெகுநேரம் உள்ளே வரவில்லை. போய்ப் பார்த்தேன். ஆட்டோக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துண்டைக் கண்ணுக்கு ஒரு பக்கமாகப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"வந்துட்டா தாயி" என்றார்.

வாழ்க்கையில் எத்தனையோ படம் போட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் என் வேலை என்ன என்று எனக்கே புரிந்தது போல இருந்தது. அன்று சாயங்காலமே பெரிய அளவில் கஞ்சித் தாளில் அச்சடித்தேன். மறுநாள் ஆறுமுகம் தேக்குச் சட்டம் போட்டு, கண்ணாடியைத் துடைத்து வைத்தார். அண்ணாச்சி விரலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடி வேண்டாம் என்றார்.

சார் பதறிப்போனார். அறிவுரைத் தாளை எடுத்து, அவருக்குப் படிக்க முடியாது என்பதால், தானே சத்தமாக வாசித்தார். வெயில், ஈரம், புகை, சந்தனம், விரல். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார்.

"நான் தெனம் காலையில அவளுக்குப் பொட்டு வைக்கணும். இன்னும் கொஞ்ச நாள்ல எனக்குத் தெரியப்போறதில்ல. கண்ணாடி மேல வச்சா வெரலுக்கு என்னய்யா தெரியும்?"

அப்படியானால் உத்தரவாதம் செல்லாது என்றார் சார். நூறு வருஷம் கழித்து அவளை யாருக்குத் தெரியும், நான் இருக்கிற வரை நின்றால் போதும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டு, படத்தை ஆட்டோவில் நிமிர்த்தி உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். கல்லாவுக்கு நேர் எதிரே, வாசல் வெயில் விழும் இடத்தில், ஊதுபத்திக்குப் பக்கத்தில் மாட்டினார். அறிவுரைத் தாளில் இருந்த ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

அப்புறம் சில வருஷம் அந்தப் பக்கம் போகவில்லை. அவருக்கு முழுக்கப் பார்வை போய்விட்டது, ஆனாலும் தினமும் கடைக்கு வந்து உட்காருகிறார் என்று ஆறுமுகம் சொல்லிக் கேட்டதுதான். இறந்த செய்தியும் ஆறுமுகம் சொல்லித்தான் தெரியும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு செல்வம் படத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். வாசல் பலகையைக் காட்டி, நூறு வருஷம் என்று போட்டிருக்கிறீர்கள், நெற்றியைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். சேலை அதே மஞ்சள். கடுகுக்கும் மாம்பழத்துக்கும் நடுவில், அன்று தெருவில் பார்த்த அதே மஞ்சள், அத்தனை வெயிலிலும் இம்மி நகரவில்லை. நெற்றியில் மட்டும் சந்தனமும் குங்குமமும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி, சுண்டைக்காய் அளவுக்கு மேடாகியிருந்தது. அதைத் தடவிப் பார்த்துத்தான் அவர் இடம் கண்டுபிடித்திருக்க வேண்டும். அதற்குக் கீழே தாளின் தோலே இருக்காது.

வாடிக்கையாளரின் கவனக்குறைவுக்குக் கடை பொறுப்பில்லை என்று சார் தொடங்கினார். செல்வமும் விடவில்லை. கடைசியில், அப்பா படம் புதிதாகப் போடப்போகிறோம், பக்கத்தில் அம்மா படம் அழுக்காக இருக்கக் கூடாது, சுத்தமாக இன்னொன்று போட்டுக் கொடுங்கள், ஆரமெல்லாம் வேண்டாம், அப்பா சொன்ன மாதிரியே இருக்கட்டும் என்றார். கோப்பு என்னிடம் இருந்தது. அச்சடித்தேன். மை காய்ந்ததும் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சார் கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

செல்வம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பழைய படத்தின் நெற்றியில் இருந்த மேட்டை விரலால் தொட்டார். அப்பா தொட்ட மாதிரியே, பார்க்காமல் தடவினார். பொடி உதிர்ந்து விரல் சிவந்தது. அந்த விரலை எங்கே துடைப்பது என்று மேசையைச் சுற்றிப் பார்த்தார். அடுத்து, இன்னும் கடையை விட்டு வெளியே போகாத அந்தப் புதுத் தாளில், அம்மாவின் நெற்றியில் வைத்துவிட்டார்.

சார் அதைத் துடைக்கப் பஞ்சை எடுத்துக் கை நீட்டினார். "தொடாதீங்க சார்" என்றேன். அவர் வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் சொன்ன வார்த்தை, அப்படியே கையை இழுத்துக்கொண்டார். செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு படத்தையும் கொடுங்கள், இரண்டும் எங்கள் கடையிலேயே இருக்கட்டும் என்றார். கண்ணாடி போடவா என்று ஆறுமுகம் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினார். ஆறுமுகமும் அவருமாகப் பிடித்து இரண்டையும் ஆட்டோவில் ஏற்றினார்கள்.

ஆட்டோ திரும்பும் வரை வாசலில் நின்ற சார், மெதுவாக உள்ளே வந்து கையுறையைக் கழற்றினார்.

"பொட்டு வெச்சா உத்தரவாதம் கிடையாதுன்னு அவர்கிட்ட சொன்னியா வசந்தா?"

"அவர் கேக்கல சார்" என்றேன்.